முதலில் ஆள், அப்புறம் நூல்: தெமாரி செய்து பரிசளிக்க ஒரு வழிகாட்டி

தெமாரி என்பது ஜப்பானியர் கையால் செய்யும் நூல்பந்து. உள்ளே உமியோ பழந்துணியோ இருக்கும். அதன் மேல் மெல்லிய நூலை அடுக்கடுக்காகச் சுற்றி, கடைசியில் வண்ண நூலால் பூவும் நட்சத்திரமும் கட்டமுமாகத் தைத்திருப்பார்கள். முதல்முறை கையில் வாங்குகிறவர்கள் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று தேடுவார்கள். ஒரு முடிச்சுகூடக் கண்ணில் படாது.

இதைச் செய்யப் பழக நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, நூல் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள் என்பதுதான். நிறம், அளவு, உள்ளே என்ன வைப்பது, எந்தப் பூவைத் தைப்பது எல்லாம் அந்த ஆளைப் பொறுத்தே அமைய வேண்டும். பொதுவாக அழகாக ஒன்று செய்துவைப்போம், யாருக்காவது கொடுத்துக்கொள்ளலாம் என்று தொடங்கினால் அலமாரியில் வைக்க ஒரு பொருள் கிடைக்கும், அவ்வளவுதான். ஜப்பானில் தெமாரி ஒருவரை மனதில் வைத்து, அவருக்கென்றே செய்யப்பட்டு வந்த பொருள்.

அங்கே இது எப்படி வழங்கியது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் முடிவு செய்வது சுலபம். பழைய கிமோனோத் துணியைச் சுருட்டி நூல் சுற்றிக் குழந்தைகள் விளையாடத் தாய்மார் செய்து கொடுத்ததே தெமாரி. எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரையிலான காலத்தில், பருத்தி நூல் பரவலாகக் கிடைக்க ஆரம்பித்ததும் வண்ணங்களும் வடிவங்களும் பெருகின. கோட்டைகளிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் இருந்த பெண்கள் அதை நுணுக்கமான கைவேலையாக்கினார்கள். அடுத்து வந்த மெய்ஜி காலத்தில் ரப்பர் பந்து வந்தது. நன்றாகத் துள்ளும் பந்து கிடைத்தபின் குழந்தைகளுக்கு நூல்பந்து எதற்கு? விளையாட்டிலிருந்து தெமாரி மெல்ல விலகியது. பரிசாகவும் மங்கலப் பொருளாகவும் மட்டும் நிலைத்தது.

ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. கனசாவா நகரில், மணமாகிப் போகும் மகளுக்குத் தாய் தெமாரி செய்து கொடுத்தனுப்புவது வழக்கம். அது அவளைத் தீங்கிலிருந்து காக்கும் என்பது நம்பிக்கை. தோகுகாவா குடும்பத்து இளவரசி தாமாஹிமே 1601இல் அந்த ஊரின் மயெதா குடும்பத்துக்கு மணமகளாகக் குழந்தைப் பருவத்திலேயே வந்தபோது கையோடு தெமாரி கொண்டுவந்தாள் என்று அங்கே கதை சொல்வார்கள். அகிதா மாநிலத்தின் ஹோன்ஜோவில் பந்தின் மூன்று பக்கமும் குஞ்சம் தொங்கும். நாகானோ மாநிலத்தின் மட்சுமோட்டோ நகரம் தெமாரியைத் தன் அடையாளமாகவே வைத்திருக்கிறது. அந்த ஊர்ப் பாதாளச் சாக்கடை மூடிகளில்கூடத் தெமாரிச் சித்திரம் உண்டு. ஷிகோகு தீவின் சனுகிப் பகுதி ஒரு காலத்தில் உப்பு, சர்க்கரை, பருத்தி என்ற மூன்று வெள்ளைப் பொருள்களுக்குப் பேர்போனது. அங்கே இன்றும் உமியை உள்ளே வைத்து, செடிகொடிகளின் சாயம் ஏற்றிய பருத்தி நூலால்தான் தைக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபுகுவோகா மாநிலத்து யானகாவாவின் வழக்கம். வாய்க்கால்கள் ஓடும் ஊர் அது. பெண்குழந்தை பிறந்த வீட்டில், அவளுடைய முதல் ஹினா மட்சுரிக்கு, அதாவது மார்ச் 3ஆம் தேதி வரும் சிறுமியர் திருநாளுக்கு, சாகெமோன் என்ற தொங்கும் அலங்காரத்தைக் கட்டுவார்கள். 7 சரங்கள். ஒவ்வொரு சரத்திலும் கொக்கு, முயல் என்று துணியில் செய்த உருவங்களும் சின்ன நூல்பந்துகளுமாக 7 பொருள்கள். ஆக 49. நடுவில் பெரிய நூல்பந்துகள் இரண்டு. மொத்தம் 51. மனித ஆயுள் 50 என்று எண்ணிய காலத்தில், இவள் ஓராண்டாவது கூட வாழட்டும் என்று வைத்த கணக்கு இது.

யாருக்கு, எந்த நிறம், எந்தப் பூ

பிறந்த குழந்தைக்கு என்றால் அசனோஹா என்ற சணல் இலை வடிவம் பொருத்தம். சணல் வளைவில்லாமல் நேராக, வேகமாக வளரும் செடி என்பதால் குழந்தைகளின் உடையில் அந்த வடிவத்தைப் போடுவது ஜப்பானில் பழைய வழக்கம். ஆனால் பந்தின் மேல் அதைத் தைப்பது முதல் முயற்சிக்குக் கடினம். கல்யாணத்துக்குச் சிவப்பும் வெள்ளையும். அவை இரண்டும் சேர்ந்தால் ஜப்பானில் மங்கலம். கறுப்பும் வெள்ளையும் மட்டும் சேர்ந்து வந்தால் துக்கத்தின் நிறமாகிவிடும், அந்தச் சேர்க்கையைத் தவிர்த்துவிடுங்கள். வயது நிறைவுகளுக்கும் நிறம் உண்டு: 60க்குச் சிவப்பு, 77க்கு ஊதா, 88க்குப் பொன்மஞ்சள், 99க்கு வெள்ளை. பெரியவர்களுக்குக் கிகு, அதாவது செவ்வந்திப் பூ, எப்போதும் பொருந்தும். நீண்ட ஆயுளைக் குறிக்கும் பூ அது.

இந்தக் கட்டுரையில் கிகுவைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன். கல்யாணம், 60 வயது, புத்தாண்டு எதற்கும் ஏற்றது. பார்க்கக் கடினமாகத் தெரியும், ஆனால் ஒரே தையலைத் திரும்பத் திரும்பப் போட்டால் போதும்.

வாங்க வேண்டியவை

பந்தின் சுற்றளவு 24 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2, 3, 4, 8 என்று எப்படி வகுத்தாலும் முழு எண் வரும், அளப்பதில் குழப்பம் இருக்காது. விட்டம் ஏறக்குறைய ஏழரை செ.மீ. வரும்.

உள்ளே வைக்க உமி. அரிசி ஆலையில் கேட்டால் கொடுப்பார்கள், இரண்டு மூன்று கைப்பிடி போதும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, சலித்து, தவிடும் தூசும் போக்கிவிட வேண்டும். ஈரம் இருந்தால் பின்னால் பூச்சி வைக்கும். உமி கிடைக்காதவர்கள் கைவினைப் பொருள் கடையில் விற்கும் தெர்மோகோல் பந்தை வாங்கலாம். 7 செ.மீ. விட்டம் சரியாக இருக்கும். உருண்டை ஒழுங்காக அமைவது அதன் வசதி. ஆனால் ஊசி தெர்மோகோலில் பட்டால் கிறீச்சிடும், நூலையும் அது பிடித்துக்கொள்ளாது. பரிசு என்றால் உமியைத்தான் சொல்வேன். கையில் வாங்கும்போது அதற்கென்று ஒரு கனமும் இளக்கமும் இருக்கும்.

மற்றவை: மெல்லிய உல்லன் நூல் ஒரு உருண்டை. ஓவர்லாக் தையல் நூல் ஒரு கோன். சின்ன ரீல் வாங்காதீர்கள், பாதியில் தீர்ந்துவிடும். ஜரிகை நூல் கொஞ்சம். எம்பிராய்டரிக்கு விற்கும் 8 மீட்டர் ஆங்கர் நூல் நிறத்துக்கு ஒரு கட்டு. ஆறு இழையையும் பிரிக்காமல் அப்படியே பயன்படுத்த வேண்டும். 5 செ.மீ. நீளமுள்ள ஊசி இரண்டு. வண்ணத் தலை வைத்த குண்டூசிகள் ஒரு பெட்டி. அளப்பதற்கு நீளமான காகிதப் பட்டை. குவில்லிங் என்ற காகிதச் சுருள் வேலைக்கு விற்கும் பட்டைகள் இதற்கென்றே செய்தது போலப் பொருந்தும், நீளம் போதவில்லை என்றால் இரண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். டேப் அளவைத் தேடாதீர்கள், இந்த வேலைக்குக் காகிதப் பட்டைதான் வசதி.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று: அடிநூலின் நிறம்தான் பந்தின் பின்புலமாக நிற்கும். கருநீலம், கருஞ்சிவப்பு போன்ற அழுத்தமான அடிநிறத்தில் புதியவர்களின் தையல்கூட எடுப்பாகத் தெரியும். வெள்ளை அடிநிறம் அழகுதான். ஆனால் வேலை முடிவதற்குள் கை அழுக்கு ஏறிவிடும்.

உள்ளே வைப்பது

பலர் இந்தக் கட்டத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ முழு வேலையிலும் இதுதான் பிடித்த கட்டம்.

பழைய தெமாரிகளில் சத்தம் வருவதற்காகச் சின்ன மணி, அரிசி, விதை, சிப்பி என்று எதையாவது உள்ளே வைப்பார்கள். வாழ்த்து ஒன்றைச் சின்னக் காகிதத்தில் எழுதி நடுவில் வைத்துச் சுற்றிவிடுகிற வழக்கமும் உண்டு. அந்தக் காகிதத்தைப் படிக்க வேண்டுமானால் பந்தைப் பிரிக்க வேண்டும், யாரும் பிரிக்கப் போவதில்லை. அதனால் யாருக்காகச் செய்கிறீர்களோ அவரிடம் நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒரு வரியைத் தயங்காமல் எழுதலாம்.

மணி வைப்பதாக இருந்தால் நேரடியாக உமிக்குள் போடக் கூடாது, உமி அமுக்கிவிடும், சத்தமே வராது. சலங்கை மணி இரண்டு மூன்றை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதை நடுவில் வையுங்கள். டப்பாவுக்குள் மணி உருள இடம் இருக்க வேண்டும். ஆட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகே அடுத்த வேலை. அப்புறம் மாற்ற முடியாது.

ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையில் உமியைக் கொட்டி, டப்பாவையும் காகிதத்தையும் நடுவில் புதைத்து, பை வாயை முறுக்கி டேப் ஒட்டுங்கள். பையில் ஊசியால் நாலைந்து துளை போட்டால் காற்று வெளியேறிப் பந்து இறுகும். இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். இந்த நிலையில் சுற்றளவு 22 செ.மீ. அளவில் இருந்தால் நூல் சுற்றி முடிக்கும்போது 24க்கு வந்துவிடும்.

நூல் சுற்றுதல்

முதலில் உல்லன் நூல். பை தெரியாத அளவுக்கு எல்லாத் திசையிலும் சுற்றுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் பந்தைக் கொஞ்சம் திருப்பி அடுத்த சுற்று. ஒரே பாதையில் இரண்டு முறை நூல் போனால் அங்கே மேடு விழும். சுற்றிக்கொண்டே நடுநடுவே மேசையில் வைத்து அழுத்தி உருட்டுங்கள்.

அப்புறம் ஓவர்லாக் நூல். பொறுமை வேண்டிய இடம் இது. ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். பாட்டுக் கேட்டுக்கொண்டோ பேசிக்கொண்டோ சுற்றலாம், கண்ணுக்கு அதிகம் வேலையில்லை. அடியில் இருக்கும் உல்லன் நூலின் நிறம் எங்கும் தெரியாமல், ஊசி குத்தினால் பிடித்துக்கொள்ளும் கனத்துக்கு நூல் ஏற வேண்டும். ஊசியைச் சாய்வாக நுழைத்து வெளியே எடுத்துப் பாருங்கள். உமிப் பையைத் தொடாமல் நூல் படலத்துக்குள்ளேயே போய்வந்தால் போதிய கனம் வந்துவிட்டது. கடைசியில் நூல் முனையை ஊசியில் கோத்து, பந்தின் மேல் அங்கங்கே குத்தித் தைத்து, மேல் நூல்கள் நழுவாமல் பிடித்துவைத்து, முனையை உள்ளே புதைத்து வெட்டிவிடுங்கள். முடிச்சு வேண்டாம்.

ஜிவாரி: பந்தைப் பங்கிடுதல்

பூ அழகாக வருவதும் கோணலாக வருவதும் இங்கேதான் முடிவாகிறது. ஜிவாரி என்பது பந்தின் மேல் வழிகாட்டிக் கோடுகளை நூலால் போடுவது. உலக உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள்: வடதுருவம், தென்துருவம், நடுவில் ஒரு இடைக்கோடு, துருவத்திலிருந்து துருவத்துக்குப் போகும் எட்டுக் கோடுகள். நமக்கு வேண்டியது அவ்வளவே.

பந்தில் ஏதாவது ஒரு இடத்தில் வெள்ளைத் தலை குண்டூசி ஒன்றைக் குத்துங்கள். அதுதான் வடதுருவம். காகிதப் பட்டையின் முனையை அந்த ஊசியால் பந்தோடு சேர்த்துக் குத்தி, பந்தைச் சுற்றி மறுபடி அதே ஊசிக்கே கொண்டுவந்து, சரியாகத் தொடும் இடத்தில் வெட்டுங்கள். இப்போது பட்டையின் நீளம்தான் உங்கள் பந்தின் சுற்றளவு. 24 என்று நினைத்தது 24.5 வந்திருந்தாலும் பரவாயில்லை. இனி எல்லாம் மடிப்புக் கணக்குதான், செ.மீ. கணக்கு இல்லை. பட்டையை இரண்டாக மடித்து ஒரு குறி, நான்காக மடித்துக் குறி, எட்டாக மடித்துக் குறி.

பாதிக் குறி விழும் இடம் தென்துருவம். அங்கே சிவப்புத் தலை ஊசி. இப்போது பட்டையை வேறு திசையில் சுற்றி மறுபடி பாருங்கள். பாதிக் குறி சிவப்பு ஊசியைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி விழும். கைப்பந்து எதுவும் முழு உருண்டையாக இருக்காது, பதற வேண்டாம். நாலைந்து திசையில் சுற்றிப் பார்த்து, வித்தியாசத்தைச் சரிபாதியாகப் பிரித்துச் சிவப்பு ஊசியை நகர்த்துங்கள்.

அடுத்து இடைக்கோடு. பட்டையின் கால்குறி விழும் இடங்களில் எட்டுத் திசையிலும் நீலத் தலை ஊசிகளைத் தோராயமாகக் குத்துங்கள். பட்டையை வடதுருவத்திலிருந்து கழற்றி, அந்த ஊசிகளை ஒட்டி இடுப்பைச் சுற்றிப் பிடித்து, எட்டுக் குறிகளுக்கும் நேராக அவற்றை நகர்த்துங்கள். எட்டு ஊசிகளுக்கும் இடைவெளி ஒன்றுபோல, நம் அளவில் 3 செ.மீ., இருக்க வேண்டும். துருவங்களிலிருந்து ஒவ்வொரு ஊசிக்கும் தூரம் 6 செ.மீ. இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். இதற்குக் கால் மணி நேரம் கூடச் செலவானாலும் நல்லதுதான். ஊசி அரை மில்லிமீட்டர் தள்ளியிருப்பதைக் கண் கண்டுகொள்ளாது. 3 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் பூவின் ஒரு இதழ் தடித்துப் போகும்.

ஜரிகை நூலில் ஒன்றரை மீட்டர் வெட்டி ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். வடதுருவத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி ஊசியை நுழைத்துத் துருவத்தில் வெளியே எடுத்து, நூலின் வால் உள்ளே மறையும் வரை மெதுவாக இழுங்கள். எல்லாத் தொடக்கமும் இப்படித்தான். நூலை ஒரு நீல ஊசி வழியாகத் தென்துருவத்துக்கு இறக்கி, எதிர்ப்பக்க நீல ஊசி வழியாக வடதுருவத்துக்கு ஏற்றுங்கள். துருவ ஊசியை ஒட்டித் திரும்பி அடுத்த கோடு. நான்கு முழுச் சுற்றுப் போனால் எட்டுக் கோடு வந்துவிடும். வடதுருவத்தில் எல்லாக் கோடும் குறுக்கிடும் நடுப்புள்ளியை ஒரு சின்னத் தையலால் பிடித்துவிட்டு, நூலைப் படலத்துக்குள் ஓட்டி வெட்டுங்கள். தென்துருவத்திலும் அதே தையல். இடைக்கோட்டுக்குத் தனி நூல். அது ஒவ்வொரு கோட்டையும் கடக்கும் இடத்தில் ஒரு சின்னப் பிடிப்பு. நீல ஊசிகளை இனி எடுத்துவிடலாம்.

கிகு தைத்தல்

இரண்டு நிறம் வைத்துக்கொள்வோம், சிவப்பும் வெள்ளையும். ஊசிக்கு ஒரு நிறம்.

எட்டுக் கோடுகளுக்கும் மனதில் 1 முதல் 8 வரை எண் கொடுங்கள், வலப்பக்கமாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். எல்லாக் கோட்டிலும் இடைக்கோட்டிலிருந்து 2 செ.மீ. மேலே ஒரு குண்டூசி. அதாவது துருவத்துக்கும் இடைக்கோட்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு. துருவத்திலிருந்து முக்கால் செ.மீ. கீழே எல்லாக் கோட்டிலும் இன்னொரு அடையாளம் மனதில் இருக்கட்டும்.

சிவப்பு ஊசி 1ஆம் கோட்டில், மேல் அடையாளத்தில், கோட்டுக்கு ஒட்டி இடப்பக்கம் வெளியே வரட்டும். நூலை வலப்பக்கம் சாய்வாக இறக்கி 2ஆம் கோட்டின் குண்டூசிக்குக் கீழே கொண்டுவாருங்கள். ஊசிமுனை இடப்பக்கம் பார்க்கட்டும். கோட்டுக்கு வலப்பக்கம் குத்தி, ஜரிகைக் கோட்டையும் அதனடியில் கொஞ்சம் அடிநூலையும் அள்ளிக்கொண்டு இடப்பக்கம் வெளியே எடுங்கள். நூல் தன்னையே ஒருமுறை குறுக்கே கடந்திருக்கும். அடுத்து 3ஆம் கோட்டில் மேலே, அதே மாதிரி வலமிருந்து இடமாக ஒரு சின்னத் தையல். 4இல் கீழே, 5இல் மேலே என்று போய் மறுபடி 1க்கு வந்ததும் மேலே ஒரு தையல் போட்டால் முதல் சுற்று முடிந்தது. நான்கு முனை வைத்த நட்சத்திரம் ஒன்று நிற்கும். சிவப்பு ஊசியைப் பந்தில் ஓரமாகக் குத்தி வையுங்கள்.

வெள்ளை ஊசி 2ஆம் கோட்டில் மேலே தொடங்கட்டும். 3இல் கீழே, 4இல் மேலே. இந்த நட்சத்திரம் முதலாவதன் இடைவெளிகளில் விழும். இப்போது எட்டு முனை.

மறுபடி சிவப்பு. இரண்டாம் சுற்றிலிருந்து கவனிக்க வேண்டியவை இரண்டு. கீழ்த் தையல் முந்தையதற்கு 3 மில்லிமீட்டர் கீழே விழ வேண்டும். மிக நெருக்கமாகப் போட்டால் முனையில் நூல் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியும். மேல் தையலில், முந்தைய சுற்றின் நூல்கள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்றே கீழே, அந்தக் கோட்டில் ஏற்கெனவே கிடக்கும் எல்லா நூல்களுக்கும் அடியில் ஊசி போய் மறுபக்கம் வர வேண்டும். அங்கே கிடக்கும் நூல்களில் ஊசிமுனை குத்தாமல், அவற்றை விரல்நகத்தால் லேசாகத் தூக்கிப் பிடித்து அடியில் நுழைக்கலாம். ஊசியின் கண் பக்கத்தை முன்னால் விட்டு நுழைப்பதும் உண்டு. சுற்றுக்குச் சுற்று மேல் தையல் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகும். அந்த அகலம்தான் இதழ்கள் நடுவிலிருந்து விரிவது போன்ற தோற்றத்தைத் தருகிறது.

சிவப்பு ஒரு சுற்று, வெள்ளை ஒரு சுற்று என்று மாறி மாறி, ஒவ்வொன்றும் ஐந்து சுற்று. ஒரு நிறத்தின் ஐந்தையும் முதலில் முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போகாதீர்கள், நடுவில் பின்னல் விழாது. கடைசிச் சுற்றை மட்டும் ஜரிகையில் போட்டால் இதழுக்குக் கரை கட்டியது போலிருக்கும். கல்யாணப் பரிசுக்கு அது நன்றாக எடுபடும்.

நூலை எவ்வளவு இழுப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். நூல் பந்தின் மேல் படிந்து கிடக்க வேண்டும். அடிநூலை அமுக்கிப் பள்ளம் விழுந்தால் அதிகம் இழுத்துவிட்டீர்கள். விரலால் தள்ளினால் நகர்ந்தால் போதவில்லை. ஆறு இழை நூல் தைக்கத் தைக்க முறுக்கேறும். அவ்வப்போது ஊசியைக் கீழே தொங்கவிட்டால் தானாகவே முறுக்கு அவிழும். நூல் நடுவில் தீர்ந்துபோனால், மேல் தையல் முடிந்த இடத்தில் ஊசியைப் படலத்துக்குள் 3 செ.மீ. ஓட்டி வெளியே எடுத்து, திரும்பவும் வேறு திசையில் ஓட்டி, ஒட்ட வெட்டிவிடுங்கள். புது நூல் அதே புள்ளியில் தொடங்கட்டும்.

தென்துருவத்திலும் இதே பூ. சிவப்பு முனைகள் வடக்கில் எந்தக் கோடுகளில் விழுந்தனவோ தெற்கிலும் அதே கோடுகளில் விழ வேண்டும். அப்போதுதான் இடுப்பில் சிவப்புக்கு நேர் சிவப்பு வரும்.

ஓபி

கிமோனோவின் இடுப்புப் பட்டைக்கு ஓபி என்று பெயர். பந்தின் இடைக்கோட்டில் சுற்றும் பட்டையையும் அப்படித்தான் சொல்கிறார்கள். இடைக்கோட்டு ஜரிகைக்கு மேலே நாலைந்து சுற்று, கீழே நாலைந்து சுற்று, ஒன்றை ஒன்று ஒட்டி, ஏறாமல். அப்புறம் ஜரிகை நூலால் ஒரு கோட்டில் பட்டைக்கு மேலே ஒரு தையல், அடுத்த கோட்டில் கீழே ஒரு தையல் என்று வளைந்து வளைந்து போய் வந்தால் பட்டை நழுவாது. இதழ் முனைகளுக்கும் பட்டைக்கும் நடுவே அடிநிறம் கொஞ்சம் தெரியட்டும். எல்லாவற்றையும் நூலால் மூடிவிட வேண்டும் என்ற ஆசை வரும். கொஞ்சம் வெற்றிடம் விட்டால்தான் பூ பூவாகத் தெரியும்.

கொடுக்கும்போது

குழந்தைக்குக் கொடுத்தால் விளையாடக் கொடுக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். நூல் வாயில் சிக்கலாம், உள்ளே மணியும் இருக்கிறது. கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடத் தோதாக, வடதுருவத்தில் ஒரு கயிறும் தென்துருவத்தில் ஒரு குஞ்சமும் தைத்துக் கொடுக்கலாம். பெரியவர்களுக்கு என்றால் உருளாமல் நிற்க ஒரு சின்ன வளையமும் சேர்த்துக் கொடுங்கள். துணியைச் சுருட்டித் தைத்த சும்மாடு போன்ற வளையமே போதும்.

பெட்டியின் மேல் கயிறு கட்டுவதற்கும் ஜப்பானில் முறை உண்டு. குழந்தை பிறப்புக்கு, இழுத்தால் அவிழும் பூ முடிச்சு. இப்படிப்பட்ட நல்லது மீண்டும் மீண்டும் வரட்டும் என்று பொருள். கல்யாணத்துக்கோ அவிழாத முடிச்சு, அது ஒரே முறை நடக்க வேண்டியது. அங்கே நண்பரோ உடன் வேலை செய்பவரோ இருந்து அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அனுப்புகிறீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள். சின்னப் பந்துகளைக் கூட்டமாகக் கொடுப்பதானால் மூன்று அல்லது ஐந்து கொடுங்கள். நான்கும் ஒன்பதும் வேண்டாம். நான்கின் உச்சரிப்பு மரணத்தையும் ஒன்பதின் உச்சரிப்பு துன்பத்தையும் நினைவூட்டும் என்பதால் பரிசில் அந்த எண்ணிக்கைகளை ஒதுக்குவார்கள்.

வாழ்த்து அட்டையில் பூவின் பெயரையும் நிறத்துக்கான காரணத்தையும் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். வாங்குகிறவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, தெரிந்தால் பந்தைப் பார்க்கும் பார்வையே மாறும். உள்ளே ஒரு காகிதம் இருக்கிறது என்பதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். நான் சொல்லிவிடுவேன், என்ன எழுதினேன் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். நேர் வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். எம்பிராய்டரி நூல் சாயம் போகும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும், தண்ணீர் படக் கூடாது.

அடுத்த பந்தில் எட்டுக்குப் பதில் பதினாறு கோடு போட்டுப் பாருங்கள். இதே கிகு இதழ்கள் இரட்டிப்பாகி இன்னும் நெருக்கமாக வரும், தையலில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. அது கைவந்த பிறகு, பந்தின் மேல் இரண்டு துருவங்களோடு நிற்காமல் பல மையங்களை வைத்துப் பங்கிடும் ஜிவாரிக்குப் போகலாம். குழந்தைகளுக்கான அசனோஹா இலை அந்தப் பங்கீட்டில்தான் பந்து முழுக்கப் படரும்.